கத்தரி படாத வெள்ளைத் துணி

துணிக்கடைக்காரர்களில் இரண்டு ரகம் எனக்குத் தெரியும். வாசலில் கால் வைத்ததுமே மேலே விழுந்து, கேட்காத துணியை எல்லாம் பிரித்துப் போட்டு மூச்சு முட்டவைப்பது ஒரு ரகம். நாம் வந்து நிற்பதே தெரியாத மாதிரி காது குடைந்துகொண்டிருப்பது இன்னொரு ரகம். இரண்டுமே எனக்கு ஆகாது. இரண்டிலும் சேராத ஒரே ஒருவனைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். அவன் பெயர் சம்பங்கி. ஊரிகத்துக் கடைத்தெருவில் நாகய்ய செட்டியின் ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிற வேலை அவனுக்கு. கோலார் தங்கவயலுக்கு ரயில் வந்துவிட்டது, மின்சாரம் இன்னும் வரவில்லை. அந்தக் காலம்.

சம்பங்கி குடியாத்தம் பக்கம் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன். நல்ல குள்ளம். தறி சோறு போடவில்லை என்று எல்லோரையும் போலச் சுரங்க வேலைக்குத்தான் வந்தான். ஒரே ஒரு நாள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்கினான். மேலே வந்ததும் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழி வாசலிலேயே வாந்தி எடுத்தான். "செத்தப்பறம் குழிக்குள்ள போனா போதும், உசுரோட வேணாம்டா சாமி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். நடந்தவன் போய் நின்ற இடம் செட்டி கடை.

அந்தக் கடையில் ஜனங்களை நடத்திய விதத்தைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். எனக்கு இப்போதும் வருகிறது. துரை வீட்டு பட்லர்களும் மேஸ்திரிகளும் உள்ளே போய் மெத்தையில் உட்காரலாம். கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருக்கிற கூலி ஜனங்கள் வெளியே தகரக் கொட்டகையின் கீழ் நிற்க வேண்டும். வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டிருக்கும். விலை முடிகிறவரை துணியைக் கண்ணால்தான் பார்க்கலாம், தொடக்கூடாது. பாறையை உடைத்துத் தங்கம் எடுத்துக்கொடுக்கிற கை, செட்டியின் சீட்டித் துணியை அழுக்காக்கிவிடுமாம்.

அப்படியும் அந்தக் கொட்டகையில் கூட்டம் குறையவில்லை என்றால் அதற்குச் சம்பங்கிதான் காரணம். தெருமுனையில் ஒரு ஆள் வரும்போதே அவர் எதற்கு வருகிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பெண் பெரியவளானதற்கா, காதுகுத்துக்கா, சீமந்தத்துக்கா, எல்லாம் நடையிலேயே தெரியும் என்பான். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் என்றால் பலகையைத் தாண்டி அவன் குரல் தெருவுக்கே கேட்கும். "வாங்கம்மா, வாங்க! இன்னா வேணும், சொல்லுங்க! இத்தப் பாருங்க, இந்தக் கரைய அந்தப் பக்கம் வெய்யில்ல பாருங்க!" பேரம் ஒரு மணி நேரம் நடக்கும். சண்டை மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் சிரிப்பு இருக்கும். முடிந்ததும் கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டி, மூலையில் மஞ்சள் தடவி, இரண்டு கையாலும் கொடுத்து, "போய்ட்டு வாங்க" என்பான்.

கோடி வாங்க வருகிறவர்களுக்கு நடப்பதே வேறு. கோடி என்றால் செத்தவர் மேல் உறவுக்காரர்கள் போர்த்துகிற புதுத்துணி. கரை இல்லாத சுத்த வெள்ளை. சுரங்கத்து ஊரில் அதற்கு ஆள் வராத வாரம் கிடையாது. அவர்களைச் சம்பங்கி "வாங்க" என்று சொல்ல மாட்டான். யார், எப்படி, எந்த ஷாஃப்ட் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அவர்கள் பேரம் பேச மாட்டார்கள், பேசக் கூடாது. அவனும் கூட்டிச் சொல்ல மாட்டான். கோடியில் கத்தரி படக் கூடாது என்பதால் கையாலேயே கிழிப்பான். மஞ்சள் கிடையாது. கையில் கொடுக்காமல் பலகை மேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். "போய்ட்டு வாங்க" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மற்ற கடைகளில் இதே காரியத்துக்குப் போனால் என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று பிடுங்கி எடுத்துவிடுவார்கள். பொணத்தை வீட்டில் போட்டுவிட்டு வந்தவளுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிற தெம்பு ஏது? சம்பங்கியிடம் வாயைத் திறக்கவே வேண்டாம். அதற்காகவே தூரத்து லைன்களிலிருந்தெல்லாம் அவனைத் தேடி வந்தார்கள். கேட்காமல் கொடுப்பதுதான் அவன் பெருமை. அந்தப் பெருமைதான் அவனைக் கவிழ்த்தது.

பெங்களூரில் பிளேக் பரவிய வருஷம். ரயிலில் போய் வந்தவர்களை முகாமில் அடைத்துவைத்துச் சோதித்தார்கள். அதனால் வழக்கமாகப் பெங்களூரில் கல்யாணத் துணி எடுக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. அப்படி ஒரு நாள் காலையில் செட்டி கடைக் கொட்டகைக்கு வந்தவள் ஐடா. ஒரு இன்ஜினியர் துரையின் பங்களாவில் ஆயா. சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். மறுநாள் காலை கோவிலில் அவள் மகள் இசபெல்லாவுக்குக் கல்யாணம். கோவிலில் மாப்பிள்ளை கரையில்லாத வெள்ளையில்தான் நிற்பான், அந்தத் துணி எடுக்கத்தான் வந்தாள்.

அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தது. கல்யாணத்தைப் பார்க்கப் புருஷன் இல்லையே என்று விடியவிடிய அழுதிருந்தாள். நகை நட்டு எதுவும் இல்லை. பலகையை விட்டுத் தள்ளியே நின்றாள். அன்று விடியற்காலையில் சுரங்கத்து ஆபத்துச் சங்கு வேறு ஊதியிருந்தது. சம்பங்கி ஒரு பார்வை பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

"வெள்ளை வேணும்" என்றாள் ஐடா. "கரை இல்லாம. சுத்த வெள்ளையா."

சம்பங்கி தலையை ஆட்டினான்.

"ஒரு ஆம்பளைக்கு. நல்ல உயரமான ஆளு."

அவன் மல் துணியை எடுத்து மெதுவாகப் பிரித்தான். விலையைச் சொன்னான். ஐடா மறுபேச்சுப் பேசாமல் காசை எடுத்துப் பலகை மேல் வைத்தாள். அவள் வேலூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவள். பேரம் பேசுவது கடைக்காரனைப் பொய்யன் என்று சொல்வதற்குச் சமம், அது பாவம் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஊரிகத்துக் கடைத்தெருவில் இதைப் போல ஆபத்தான பாடம் வேறு கிடையாது. சம்பங்கிக்கு மனசில் கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் போய்விட்டது. துணியைப் பல்லால் ஒரு கடி கடித்து, சர்ரென்று கிழித்தான். பலகை மேல் வைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைக்காரனுக்கு மரியாதை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு ஐடா துணியை எடுத்துக்கொண்டு போனாள்.

நேராக மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் போனாள். மாப்பிள்ளை ஏசுபாதம் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவன். லைன் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டும், அத்தனை உயரம். அப்போது அவன் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் அவன் அம்மா ஜெயம்மா மட்டும் இருந்தாள். ஞானஸ்நானம் வாங்கிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது ஜெயம்மாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போவாள். ஆனால் பூனை குறுக்கே போனால் நின்றுவிட்டுத்தான் போவாள்.

துணியை வாங்கியதும் வழக்கப்படி மூலையைத் தேடினாள். மஞ்சள் இல்லை. ஓரத்தைத் தடவினாள். பிசிறு கையில் நெருடியது. அவள் முகம் செத்துப்போயிற்று.

"இத்த எங்க வாங்கினே?"

"செட்டி கடையில."

"கையால கிழிச்சிக் குடுத்தானா? வாங்கன்னு சொன்னானா? கையில குடுத்தானா, பலகை மேல வெச்சானா?"

ஐடா ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஜெயம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் போட்ட சத்தத்தில் லைனே கூடிவிட்டது.

"எம்புள்ள உசுரோட கீறான்! இப்போ உள்ளதான் கீறான், பாறைக்கு அடியில கீறான்! அவனுக்குக் கோடி எடுத்துகினு வந்து வூட்ல வெச்சிட்டாங்களே!"

"அம்மா, அதெல்லாம் அஞ்ஞானம்" என்றாள் ஐடா. சொல்லும்போது அவள் குரலே நடுங்கியது. "வேற துணி வாங்கிட்டு வரேன். இதைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

"கிழிச்ச கோடி திரும்புமா? அது ஒரு ஒடம்பப் பாக்காம அடங்காது. ஒரு ஆம்பளைக்கு, உயரமான ஆளுக்குன்னு அளவு சொல்லி வாங்கினியே, பாவி! அது யாரத் தேடிகினு வரும்? கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எம்புள்ள ஷிப்ட் முடிஞ்சி மேல வந்தா போதும்."

சத்தம் கேட்டுப் பக்கத்து லைனிலிருந்து வந்து கதவோரத்தில் நின்ற இசபெல்லா இதைக் கேட்டாள். மறுநாள் கல்யாணம் என்று மருதாணி வைத்திருந்த பெண். அவளுக்கு இருந்ததெல்லாம் இந்த ஒரு கல்யாணம்தான். தரையில் கிடந்த துணியை வாரிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள். பின்னால் ஐடா, அவள் பின்னால் ஜெயம்மா, அவர்கள் பின்னால் பாதி லைன்.

கடையில் பலகை மேல் அந்தத் துணி வந்து விழுந்தபோது சம்பங்கி ஒரு சீமந்தப் புடவைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தான். விரல் அப்படியே நின்றது.

"எனக்குக் கல்யாணம்" என்றாள் இசபெல்லா. "நாளைக்கு. இது மாப்பிள்ளைத் துணி. எங்கம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வாய்ல இன்னா வெச்சிகினு இருந்தீங்க?"

ஊரே மெச்சிய அவன் மௌனம் அன்று அவனைச் சும்மா நிற்கவைத்துவிட்டது.

உள்ளேயிருந்து நாகய்ய செட்டி எழுந்து வந்தார். துணியைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். "ஏமிரா சம்பங்கி! கோடி போன துணி படிக்குத் திரும்பி வருமா? மொதல்ல அத்தக் கீழ தள்ளு! இது கடைக்குள்ள வந்தா இன்னிக்கே நான் பூட்டுப் போட்டுகினு பேத்தமங்களாவுக்கு மாடு மேய்க்கப் போவணும்!" சீமந்தப் புடவைக்கு வந்தவர்கள் புடவையை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

செட்டி ஒரு குச்சியால் துணியைப் பலகையிலிருந்து தள்ளினார். அது தெருவில் மண்ணில் விழுந்தது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் விலகினார்கள். நடுத்தெருவில் வெள்ளையாக அது கிடந்தது, எடுக்க ஆள் இல்லை. ஜெயம்மா அதைப் பார்த்துக்கொண்டே, "இதுக்கு ஒரு வழி சொல்லாம இந்தக் கல்யாணம் நடக்காது. கர்த்தர் மேல சத்தியம்" என்றாள். எந்தச் சாமிக்கு எந்தச் சத்தியம் என்று அந்த நேரத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

சம்பங்கி பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தான். அவன் கோழை, அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரு தடவை கேஜில் இறங்கியதற்கே வாந்தி எடுத்தவன். ஆனாலும் குனிந்து துணியை எடுத்தான். மண்ணை உதறினான். உதறித் தன் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டான். அவனுக்கு அது தரையில் புரண்டது.

"நான் கிழிச்சேன். எம்மேல போட்டுகினேன்" என்றான் ஜெயம்மாவைப் பார்த்து. "ஒடம்புதானே வேணும் அதுக்கு? இனிமே இது உன் புள்ளையத் தேடாது. போம்மா, போய்க் கல்யாண வேலையப் பாரு."

உயிரோடு இருக்கிற ஒருவன் கோடி போர்த்திக்கொண்டு நிற்பதை அந்த ஊர் பார்த்ததில்லை. ஜெயம்மா அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "புதுத்துணி யார் குடுப்பா?" என்று கேட்டாள்.

கோடி போர்த்திக்கொண்டவன் கல்யாணத் துணியைத் தொட முடியாது. செட்டியே இறங்கிவந்து வியாபாரம் பண்ண வேண்டியதாயிற்று. கூட்டத்தைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டபடி பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தார். "வாம்மா. உள்ள வா. உக்காரு" என்றார். ஐடாவும் இசபெல்லாவும் செட்டி கடை மெத்தையில் உட்கார்ந்தார்கள். லைனிலிருந்து வந்து அங்கே உட்கார்ந்தவர்கள் அதற்கு முன்னால் யாரும் இல்லை.

செட்டி மல் துணியைப் பிரித்து ஒரு விலை சொன்னார். ஐடா பழக்கத்தில் காசை எடுத்தாள்.

"ஐயோ, பேசுங்கம்மா!" என்று தெருவிலிருந்து சம்பங்கி கத்தினான். "பேரம் பேசுங்க! பேசாம வாங்கினா அதுவும் கோடிதான்!"

ஐடா திருதிருவென்று விழித்தாள். எப்படிப் பேசுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. வெளியே ஜெயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் இசபெல்லாதான், மருதாணிக் கையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "கொஞ்சம் கொறைங்க" என்றாள். கேட்கவே கேட்காத குரல்.

"சத்தமா!" என்றான் சம்பங்கி.

"கொறைங்க!"

செட்டி குறைத்தார். கத்தரிக்கோல் நறுக்கென்றது. மறுநாள் கல்யாணம் நடந்தது.

சம்பங்கியின் பாடு அன்றிலிருந்துதான் ஆரம்பம். செட்டி அவனைக் கடைப் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் அவன் பெண்டாட்டி கிருஷ்ணம்மா அவன் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, "யாரு வூட்டுப் புள்ளைக்கோ வந்தத்த இஸ்து எந்தாலி மேல போட்டுகினியே" என்று அழுதாள். அந்தத் துணியை எரிக்கவும் பயம், எறியவும் பயம். மடித்துத் தகரப் பெட்டியின் அடியில் வைத்தார்கள். அதன் மேல் கிருஷ்ணம்மா வேப்பிலை வைத்தாள்.

அவன் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லைன் லைனாக விற்க ஆரம்பித்தான். ஆனால் பழைய சம்பங்கி இல்லை. நடையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற துணிச்சல் போய்விட்டது. யார் வெள்ளை கேட்டாலும், "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்று கேட்டான். கல்யாண வீட்டுக்காரர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். சாவு வீட்டுக்காரர்கள் அவனைப் பார்த்த பார்வை திட்டைவிட மோசம். கேட்காமல் கொடுக்கிறவன் என்று தேடி வந்தவர்கள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஆபத்துச் சங்கு ஊதும்போதெல்லாம் அவன் செய்வது ஒன்றுதான். முதலில் தன் மார்பைத் தொட்டுப் பார்ப்பான். நாம் இருக்கிறோம் என்று தெரிந்ததும் நிம்மதி வராது. நாம் இருக்கிறோம் என்றால் அது யாரிடம் போயிற்று? தெருவில் சொன்ன வார்த்தையை அந்தத் துணி கேட்டதா இல்லையா? மூட்டையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஏசுபாதம் வேலை செய்கிற ஷாஃப்டுக்கு ஓடுவான். கேஜ் மேலே வந்து கதவு திறக்கும். எல்லோருக்கும் மேலே ஒரு தலை குனிந்து வெளியே வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவான்.

ஏசுபாதத்துக்கு இது எரிச்சலாக இருந்தது. நடந்ததெல்லாம் அவனுக்குத் தெரியும். "இன்னா சம்பங்கி, எம்பொண்டாட்டி கூட இவ்ளோ காத்துகினு கீறது இல்ல" என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டான். ஆட்கள் சிரித்தார்கள். சம்பங்கியும் சிரித்துவைத்தான். அடுத்த சங்குக்கு மறுபடி வந்து நின்றான்.

கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு ஒரு மத்தியானம் சங்கு ஊதி, நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தது. ஏசுபாதத்தின் ஷாஃப்ட்தான். கீழே ஒரு லெவலில் பாறை வெடித்து, முட்டுக் கொடுத்த மரங்களோடு சரிந்துவிட்டது என்றார்கள். சம்பங்கி ஓடியபோது ஷாஃப்ட் வாசலில் கயிறு கட்டிப் போலீஸ் நின்றது. யாரையும் கிட்டே விடவில்லை. கேஜ் வந்து வந்து போயிற்று. சிலர் நடந்து வந்தார்கள். சிலரைச் சாக்குப் போர்த்தித் தூக்கி வந்தார்கள். பெயரைச் சொல்லவில்லை. உயரமான தலை ஒன்றும் குனிந்து வரவில்லை. கயிற்றை ஒட்டிக் கொஞ்சம் தள்ளி ஜெயம்மாவும் இசபெல்லாவும் நிற்பதைப் பார்த்தான். அவர்கள் எதிரில் போய் நிற்க அவனுக்கு முகம் இல்லை. இருட்டுவதற்குள் அங்கிருந்து வீட்டுக்குத் திருட்டுத்தனமாக வந்துவிட்டான். வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து துணி இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. அது தன் உடம்பைத் தேடாமல் அங்கேயே இருப்பதைப் பார்த்துத்தான் அவன் அதிகமாகப் பயந்தான்.

மறுநாள் அவன் கடைவீதி ஓரத்தில் மூட்டையைப் பிரித்து உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து வெள்ளைதான் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கிழித்துக் கிழித்து விரல் ஓரம் சிவந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது எதிரில் இசபெல்லா நின்றாள்.

தலை வாரவில்லை. நேற்றுக் கட்டிய புடவை. கண் வீங்கி, ஐடா அன்று வந்து நின்றாளே, அதே மாதிரி நின்றாள். மூட்டையில் மிச்சமிருந்த மல் துணியை விரலால் காட்டினாள்.

கேட்க வேண்டும் என்று சம்பங்கிக்குத் தெரியும். ஒரு வருஷமாக ஊரெல்லாம் கேட்டுத் திட்டு வாங்கியவன். இவளிடம் கேட்க மனம் வரவில்லை. நல்லதுக்கா என்று கேட்டு, இவள் இல்லை என்று சொல்லிவிட்டால்? துணியை எடுத்தான். பக்கத்தில் கத்தரிக்கோல் கிடந்தது. அதை எடுப்பதா, கையால் கிழிப்பதா? இரண்டு கையும் துணி மேலேயே கிடந்தன. விலையை மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு, அவள் கை முந்தானை முடிச்சுக்குப் போவதைப் பார்த்தான். காசை எடுத்து வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை.

"இன்னா வெல சொல்றீங்க?" என்றாள் இசபெல்லா. "இந்தத் துணிக்கா? நூல் இப்டி எளைச்சிக் கெடக்குது. பாதிக்குக் குடுக்கறதுன்னா குடுங்க."

சம்பங்கி துணியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"இன்னா பாக்கறீங்க? செட்டி கடையில இதவிட நல்லதா வெச்சிகினு கீறாங்க. கொறைங்க."

சம்பங்கிக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில், அத்தனை பேர் நடுவில், வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுகையோடே, "கட்டாதும்மா, எனக்குக் கட்டாது" என்றான். அவள் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் என்பதற்காகவே விலையை ஏற்றிச் சொன்னான். அவளும் விடவில்லை.

பேரத்துக்கு நடுவில்தான் விஷயம் வந்தது. ஏசுபாதத்தை விடியற்காலையில் எடுத்திருந்தார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது, உயிருக்குப் பயமில்லை. அவன் கூட்டாளிகள் உயிரோடு வரவில்லை. இரவெல்லாம் அவர்களுடைய பெண்டாட்டிகளோடு உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் இசபெல்லா வந்திருந்தாள். அவளுக்குப் பிறந்திருந்த குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதைத் தள்ளிப்போடக் கூடாது, அதுவும் சம்பங்கியிடம்தான் துணி எடுக்க வேண்டும் என்று ஜெயம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

"போன தடவ எங்கம்மா பேசல இல்ல" என்றாள் இசபெல்லா. "அதுக்கும் சேத்துத்தான் பேசறேன்."

சம்பங்கி கத்தரிக்கோலை எடுத்தான். ஒரு குழந்தைக்கு வேண்டியதற்கு மேலேயே வெட்டினான். மஞ்சளுக்குக் கை போயிற்று. கோவில்காரர்களுக்கு அது ஆகாதே என்று அவன் தயங்க, "தடவுங்க, எங்க அத்த தேடுவாங்க" என்றாள். இரண்டு கையாலும் கொடுத்து, "போய்ட்டு வாங்க" என்றான். அந்தச் சொல்லை அவன் அப்படி மனசாரச் சொன்னது அதற்கு முன்னால் கிடையாது.

அதற்கப்புறம் சில வருஷம் சம்பங்கி நன்றாகவே இருந்தான். நடையைப் பார்த்துச் சொல்கிற துணிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனாலும் வெள்ளை கேட்பவர்களிடம் முதலில் கூட்டித்தான் விலை சொல்வான். பேரம் பேசினால் கத்தரி, பேசாவிட்டால் உடனே விலையைக் குறைத்துக் கையால் கிழிப்பான். கேட்காமல் தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. சங்கு ஊதினால் ஷாஃப்டுக்கு ஓடுவதையும் விட்டுவிட்டான். ஏசுபாதம் கால் சரியாகாமல் மேலேயே வேலை மாற்றிக்கொண்டதும் ஒரு காரணம்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, படுத்த நாலைந்து நாளில் சம்பங்கி போய்விட்டான். லைன் முழுக்க வந்தது. கோடி வாங்கிவர ஏசுபாதம் செட்டி கடைக்குக் கிளம்பினான். கிருஷ்ணம்மா அவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வாங்க வேணாம். வூட்லயே கீது" என்றாள்.

தகரப் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்துக்கொடுத்தாள். வேப்பிலை பொடியாக உதிர்ந்தது. ஏசுபாதம் நொண்டிக்கொண்டே போய் அதை உதறி, தலையிலிருந்து கீழே வரைக்கும் போர்த்தினான். அது அவன் உயரத்துக்குக் கிழித்த துணி. சம்பங்கிக்கு மிகவும் நீளம். மிஞ்சியதை அவன் கால்மாட்டில் இரண்டாக மடித்துச் செருகினான்.